நட்டைப் பிடித்த கை

செத்துப்போனவனின் கை இன்னும் ஸ்பானரை விடவில்லை!

பட்டறையின் சிமென்ட் தரையில், தார்ப்பாயின் மேல் கிடத்தியிருந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சுப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அருகில் ஒரு கறுப்புக் கார். பழசு. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. அதன் கீழே ஜாக் சரிந்து கிடந்தது.

"என்ன வேலை பார்த்துட்டிருந்தான்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பாடி போல்ட் சார்." சொன்னவன் இறந்தவனின் அண்ணன். பட்டறை இருவருக்கும் பொது. "இந்த மாதிரிப் பழைய வண்டியில பாடி தனி, சேஸிஸ், அதான் அடிச்சட்டம், தனி. ரெண்டையும் போல்ட் போட்டுத்தான் சேர்த்திருக்கும். இதுல ஒரு போல்ட்டுக்குத் திருகு மரை தேஞ்சு போச்சு. அதைக் கழட்டத்தான் அடியில போயிருக்கான்..."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. தனியாத்தான் இருந்தான்."

"நீ எங்கே இருந்தே?"

"மெயின் ரோட்ல ஒரு லாரி நின்னு போச்சுன்னு கூப்பிட்டாங்க. அங்க இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா..."



பட்டறையை ஒட்டியே வீடு. வாசற்படியில் இறந்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. குழந்தையின் துண்டு அவள் வலது கையை மூடியிருந்தது. அவள் அழவில்லை. அழக்கூடத் தோன்றாதவள் போல் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் காரின் கதவைத் திறந்தார். உள்ளே தரை விரிப்பு சுருட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. தகரத்தில் ஒரு ஓட்டை. புதிதாக வெட்டியது. விளிம்பு ரம்பம் போல் கூராயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஓட்டைக்குள் நட்டு. நட்டில் ஒரு ஸ்பானர்... மாட்டியபடியே!

"இங்கே வாய்யா. இது எதுக்கு?"

அண்ணனின் முகம் வெளுத்தது.

"அது... மரை போனா போல்ட்டோட நட்டும் சேர்ந்து சுத்தும் சார். அதான் தரையை வெட்டி..."

"மேலேருந்து ஒருத்தர் நட்டைப் பிடிச்சுக்கணும். கீழேருந்து ஒருத்தர் போல்ட்டைத் திருகணும். சரியா?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்போ ரெண்டு பேர்! ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தர் மாயமாயிட்டார். நீ அதை மறைக்கிறே. இது எனக்கு விபத்து மாதிரி தெரியலையே..."

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்ல வாசற்படிப் பக்கம் திரும்பியது.

"நான்தான் சார்!" அண்ணன் கத்தினான். "நான்தான் பிடிச்சிட்டிருந்தேன்! பேச்சு முத்திப்போச்சு... கோவத்துல இறங்கி ஜாக்கை உதைச்சுட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

"லாரிகிட்ட இருந்தேன்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்!"

"அப்படியா? அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டுக் காட்டு."

அண்ணன் கையை விட்டான். இரும்பு அடித்து அடித்துத் தடித்த கை... நாலு விரல் போனது. உள்ளங்கை போகவில்லை. அழுத்தினான். தகரம் கீறி ரத்தம் வந்தது. அப்போதும் போகவில்லை.

"போதும் அத்தான்!"

வாசற்படியிலிருந்து குரல்.

அவள் எழுந்து நின்றாள். துண்டை விலக்கினாள். மணிக்கட்டு வரை சிவப்புச் சிவப்பாய்க் கீறல்கள்!

"நீ உள்ளே போம்மா..." அண்ணன் கெஞ்சினான்.

"எவ்வளவு நேரம் அத்தான் மறைப்பீங்க? நான்தான் சார் பிடிச்சிட்டிருந்தேன். 'நான் சொல்ற வரைக்கும் விடாதே'ன்னாரு. விடலை சார்... வீட்டுக்குள்ள போன் அடிச்சுது. பாப்பா அப்பதான் தூங்கினா. முழிச்சுக்குவாளேன்னு சட்டுனு குதிச்சு இறங்கினேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு. 'மெதுவா'ன்னாரு. அதோட..."

அப்போதுதான் அழுதாள். குழந்தை பயந்து அவள் தோளைப் பற்றிக்கொண்டது.

"பாப்பாவுக்கு அப்பன் போயிட்டான் சார்," என்றான் அண்ணன். "அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவீங்களோன்னுதான்..."

"தெரியாம நடந்ததுக்கு யார்யா அவளைத் தூக்கில போடப்போறா? அது உனக்கும் தெரியும். அப்புறம் எதுக்குக் கொலைப்பழியை இழுத்துத் தலையில போட்டுக்கறே?"

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். "போன்ல யாரும்மா?"

"தெரியல சார். நான் கிட்டப் போறதுக்குள்ள இங்கே சத்தம் கேட்டுது. ஓடி வந்துட்டேன். அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல."

கூட வந்திருந்த ஏட்டு உள்ளே போய் இறந்தவனின் போனைக் கொண்டுவந்தார். திரையில், எடுக்கப்படாத ஒரே ஓர் அழைப்பு.

'அண்ணன்.'

அண்ணன் தம்பியின் தலைமாட்டில் அப்படியே உட்கார்ந்தான்.

"நான்தான் கொன்னேன்னு சொன்னேனே... அது பொய்யில்ல சார். ஜாக்கை உதைச்சேன்னு சொன்னதுதான் பொய். முட்டு குடுக்கிற ஸ்டாண்டு ரெண்டையும் லாரிக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அங்க பாதி வேலையில திடீர்னு ஞாபகம் வந்துது. 'வெறும் ஜாக்கை நம்பி அடியில போயிடாதேடா'ன்னு... அதைச் சொல்லத்தான் சார் கூப்பிட்டேன்!"

அவன் அவள் பக்கம் கை காட்டினான்.

"நான் திரும்பி வந்ததும் இவ ஓடி வந்து, போன் அடிச்சுது, இறங்கிட்டேன்னு அழுதா. அது யார் அடிச்சதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். என்ன செய்யப்போகிறாளோ என்று ஏட்டு ஓரடி முன்னால் எடுத்து வைத்தார்.

அவள் குனிந்தாள். குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"பிடிச்சுக்குங்க அத்தான். என் கை நடுங்குது."

அவன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவள் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, ஸ்பானரை மெதுவாக எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். ஏட்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார்... மரணத்துக்குக் காரணம் யாருன்னு எழுதறது?"

"அக்கறைன்னு எழுதுய்யா."

"முகவரி?"

"உன் வீட்டு முகவரியைப் போடு. என் வீட்டுலயும் அது குடியிருக்கு!"