மேலே எண், கீழே பேச்சு

கோ-கோ பயிற்சியில் எல்லோரையும் விட வேகமாக ஓடிக்கொண்டிருந்த தமிழ்நிலா, திடீரென்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளையாட்டு ஆசிரியர் கதிரேசன் சார் ஓடி வந்தார்.

"காலையில சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் சார்."

"மத்தியானம்?"

"சாப்பிட்டேன் சார்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

"இந்த மாசத்துல இது மூணாவது ஒண்ணுமில்ல" என்றார் சார். பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தார். "இன்னும் மூணு வாரத்துல நந்தனத்துல போட்டி. இன்னொரு தடவை தலை சுத்திச்சுன்னா உன்ன இறக்க மாட்டேன். சந்திரிகா ஆடட்டும். கோபத்துல சொல்லல. எனக்குப் பயமா இருக்கு."

தமிழ்நிலா தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற அஃப்ரா அதைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. தமிழ்நிலாவின் வீடு முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில். அங்கிருந்து மயிலாப்பூருக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறாள். பயிற்சிக்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தங்குகிறாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் பள்ளிக்கூடமே வருகிறாள் என்று அஃப்ராவுக்குத் தெரியும்.

மறுநாள் அறிவியல் வகுப்பில் ஸ்வர்ணலதா மிஸ் தமிழ்நிலாவின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"மணி மூணாகுது. இது காலையில கொண்டுவந்த மாதிரியே இருக்கே."

"தாகம் இல்ல மிஸ்."

மிஸ் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். நிறைய பாட்டில்கள் அப்படியே இருந்தன. தலைசுற்றலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி, கண்டுபிடிப்போம். அஃப்ரா, உனக்கு எண்ணுறது பிடிக்கும். தினமும் சாயங்காலம் எத்தனை பாட்டில் காலியாச்சுன்னு எழுது. யாசிர், உனக்குப் பேச்சு பிடிக்கும். ஏன் குடிக்கலைன்னு கேட்டு எழுது. சொன்னதை மாத்தாம, அப்படியே எழுதணும்."

"திட்டினாக்கூடவா மிஸ்?"

"திட்டினாக்கூட."

யாசிர் அஃப்ராவின் காலா மகன். காலா என்றால் அம்மாவின் தங்கை. இரண்டு வருடத்துக்கு முன் அஃப்ராவின் அம்மா, அவள் அம்மி என்று கூப்பிட்டவர், இறந்துபோனார். அன்றிலிருந்து அவள் கமர் ஜஹான் காலாவின் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்குப் பின்தெருவில் வீடு. இரண்டு பேரும் மதியம் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவி, மணியடிப்பதற்குள் வந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் அளந்தார்கள்.

வகுப்பில் பதினாறு பையன்கள். ஐந்து நாட்களுக்கு எண்பது பாட்டில். அதில் எழுபது காலி. பெண்கள் பதினெட்டு பேர். தொண்ணூறு பாட்டிலில் காலியானது நாற்பத்து மூன்றுதான்.

யாசிரின் நோட்டில் பக்கம் பக்கமாக "தாகம் இல்ல" என்று இருந்தது. நடுவில் ஒரு "உனக்கு வேற வேலையே இல்லையா?"வும் இருந்தது.

"பொண்ணுங்களுக்குச் சோம்பல்தான் போல" என்றார் மிஸ். அடுத்த வாரம் ஒரு பெட்டி தங்க நட்சத்திர ஒட்டிகளோடு வந்தார். பாட்டிலைக் காலி செய்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம்.

அவ்வளவுதான். திங்கட்கிழமையே பெண்கள் பக்கம் பளபளவென்று மின்ன ஆரம்பித்தது. பதினெட்டுக்குப் பதினாறு காலி. அடுத்த நாள் பதினேழு. தமிழ்நிலாவின் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம்கூடக் குறையவில்லை.

வியாழக்கிழமை மாலைப் பயிற்சியில் அவள் மறுபடியும் சரிந்து உட்கார்ந்தாள்.

கதிரேசன் சார் தன் நோட்டைத் திறந்து ஒரு பெயரின் மேல் பென்சிலால் லேசாகக் கோடு போட்டார். "திங்கக்கிழமை முடிவு பண்ணலாம்" என்றார். பென்சில் கோடு என்பதால் அழிக்கவும் முடியும். அதை மட்டும் அஃப்ரா பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலா வீட்டுக் கூடத்தில் இரண்டு நோட்டுகளும் விரிந்து கிடந்தன.

"குடிச்சிருக்காளே! தினமும் காலி. அப்புறம் ஏன் தலை சுத்துது?" என்றாள் அஃப்ரா.

"இரு, இன்னைக்கு ஒண்ணு எழுதினேன்" என்று யாசிர் பக்கத்தைப் புரட்டினான். "பள்ளிக்கூடம் பெருக்க வர்ற முனியம்மாக்கா சொன்னது. அவங்க வகுப்புல இல்ல, இருந்தாலும் எழுதிட்டேன்." குரலையும் மாற்றிக்கொண்டு படித்தான். "'யாருடா இந்தச் செம்பருத்திக்கு இம்மாந் தண்ணி ஊத்திக்கினு கீறது? வேரு அழுவிப் பூடும்.'"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செடிக்கு ஊத்திட்டு நட்சத்திரம் வாங்கியிருக்காங்க" என்றாள் அஃப்ரா. "நான் எண்ணினதெல்லாம் பொய்."

"எண் பொய் சொல்லல. பாட்டில் காலிதானே? வயித்துக்குப் போச்சா, செடிக்குப் போச்சான்னு நீ கேக்கல."

"நீ கேட்டதுல மட்டும் என்ன கிடைச்சுது? நாப்பது தடவை தாகம் இல்லன்னு எழுதி வச்சிருக்க."

"அவங்க சொன்னது அதானே. நான் கதையா எழுத முடியும்?"

"ரெண்டு நோட்டையும் நகர்த்துறீங்களா, இல்ல அது மேலயே தோசையை வைக்கட்டுமா?" என்று கமர் ஜஹான் காலா சமையலறையிலிருந்து கேட்டார்.

சாப்பிடும்போது அஃப்ராவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மி போன பிறகு ஒரு வருடம், யார் என்ன கேட்டாலும் அவள் சொன்ன பதில் "ஒண்ணுமில்ல"தான். டீச்சர் கேட்டாலும் அதுதான், டாக்டர் கேட்டாலும் அதுதான். சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல. சொல்ல முடியாததால். "தாகம் இல்ல" என்பதும் அப்படிப்பட்ட பதிலாக இருந்தால்?

கையைக் கழுவிவிட்டு வந்தவள் ஒரு பெரிய சார்ட் தாளை எடுத்தாள். நட்சத்திரங்கள் வருவதற்கு முந்தைய முதல் வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். மிஸ் வாரக் கூட்டல் கேட்டதால் அவள் ஐந்து நாட்களையும் ஒன்றாகக் கூட்டிவிட்டிருந்தாள். இப்போது அதைப் பிரித்தாள். பெண்கள் காலி செய்த பாட்டில்கள்: திங்கள் நான்கு. செவ்வாய் பதினைந்து. புதன் மூன்று. வியாழன் ஐந்து. வெள்ளி பதினாறு.

"டேய், இங்க பாரு."

"செவ்வாயும் வெள்ளியும் மட்டும் குடிக்கிறாங்க" என்றான் யாசிர். "என்ன, கோயிலுக்குப் போற நாளா?"

"எண்ணுக்கு அதுக்கு மேல தெரியாது. உன் நோட்டைக் கொடு. அந்தந்த நாள்ல யார் என்ன சொன்னாங்கன்னு படி. தாகம் இல்லங்கறதை விட்டுரு. மத்ததெல்லாம் வேணும்."

அவன் படிக்கப் படிக்க, அவள் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதி, ஒவ்வொரு நாளின் எண்ணுக்குக் கீழேயும் ஒட்டினாள். மேலே எண், கீழே பேச்சு.

திங்களுக்குக் கீழே: "வேற வேலையே இல்லையா?" புதனுக்குக் கீழே: "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

செவ்வாய்க்குக் கீழே சந்திரிகா சொன்னது: "நகரு யாசிர், முனியம்மாக்கா வந்தாச்சு, போகணும்." வெள்ளிக்குக் கீழே இன்னொருத்தி சொன்னது: "முனியம்மாக்கா இருக்காங்களா பாத்துட்டு வந்து சொல்றேன்."

"இதெல்லாம் வேண்டாத பேச்சுன்னு நினைச்சேன்" என்றான் யாசிர்.

"நல்ல வேளை, கோடு போட்டு அடிக்கல நீ" என்றாள் அஃப்ரா.

திங்கட்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. காலாவிடம் குஸ்கா சோறு கட்டி வாங்கி வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, தினமும் மதியம் வீட்டுக்குப் போய்விடுவதால் இத்தனை நாளில் ஒருமுறைகூடப் போகாத இடத்துக்குப் போனாள். பள்ளியின் பின்பக்கம், பெண்கள் கழிப்பறை.

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கதவைச் சாத்தினாள். கையை எடுத்ததும் அது தானாகத் திறந்துகொண்டது.

வெளியே தமிழ்நிலா நின்றிருந்தாள்.

"நீ ஏன் இங்க வந்த?"

"கதவைப் பாக்க வந்தேன்" என்றாள் அஃப்ரா. வேறு எதுவும் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

தமிழ்நிலா வந்து உட்கார்ந்தாள்.

"போன வருஷம் நான் உள்ள இருக்கும்போது திறந்துக்கிச்சு. வெளிய சின்னப் பிள்ளைங்க வரிசையா நின்னுச்சு. சிரிச்சாங்க. அன்னைலேர்ந்து முனியம்மாக்கா வர்ற ரெண்டு நாள் மட்டும்தான் போவேன். அவங்க வெளிய நின்னு கதவைப் பிடிச்சுப்பாங்க. எல்லாருக்கும்தான்."

"மத்த நாள்?"

"காலையிலேர்ந்து குடிக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்தான்."

"பயிற்சி முடிஞ்சு, ஒன்றரை மணி நேரம் பஸ்ல போய், அப்புறமா?"

தமிழ்நிலா ஆமாம் என்று தலையசைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"உன்னைப் பத்திச் சொல்ல மாட்டேன். கதவைப் பத்திச் சொல்லலாமா?"

தமிழ்நிலா திரும்பி, தானாகத் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"கதவைப் பத்திச் சொல்லு."

அன்று இடைவேளைகளில் அஃப்ரா பதினோரு பெண்களிடம் பேசினாள். ஏன் குடிக்கவில்லை என்று யாரையும் கேட்கவில்லை. "அந்தத் தாழ்ப்பாள் எப்பலேர்ந்து இல்ல?" என்று மட்டும் கேட்டாள். பேச ஆரம்பித்தவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசி மணி அடித்ததும் ஆசிரியர்கள் அறையில் சார்ட்டை விரித்தாள். ஸ்வர்ணலதா மிஸ்ஸும் கதிரேசன் சாரும் குனிந்து பார்த்தார்கள். சார்ட்டில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. நாட்களும் எண்களும் பேச்சும்தான் இருந்தன. கடைசியில் நான்கு ஓட்டைகளோடு ஒரு கதவுப் படம்.

மிஸ் இரண்டு தடவை படித்தார்.

"சோம்பல்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "அது தப்பு. தெரியாமலே நட்சத்திரம் வேற ஒட்டிக்கிட்டிருந்தேன்."

"நான் கடலை மிட்டாய் கொடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார் சார்.

"அது நல்லா இருந்துச்சு சார்" என்றான் யாசிர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

யாசிர் சார்ட்டை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

சார் தன் நோட்டை எடுத்து, பென்சில் கோட்டை அழித்தார். அழித்த தூளை ஊதினார். "சைக்கிள் சாவி எங்க?" என்று தேடிக்கொண்டு கிளம்பினார். லஸ் பக்கம் ஒரு கடையில் தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கிவந்து, அன்று பயிற்சியைக் கால் மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு அவரே பொருத்தினார். முதல் திருகாணி கோணலாகப் போனது. இரண்டாவது தடவை சரியாக உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை முனியம்மாள் வந்தார். வழக்கம்போல இடைவேளையில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளேயிருந்து 'டக்' என்று தாழ் போடும் சத்தம் கேட்டது.

"இன்னாடி இது அதிசயமா கீது" என்றார். "அப்போ எனக்கு இங்க இன்னா வேலை?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தமிழ்நிலா மட்டும் சிரிக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு வருஷத்துக்கு மேல நின்னீங்க. உங்களை யாராவது நிக்கச் சொன்னாங்களா?"

"யாரு சொல்றது? நான்தான் ஆபீஸ்ல சொன்னேன், தாப்பா போட்டுக் குடுங்கன்னு. பாக்கறோம்னாங்க. அவங்க பாக்கற வரைக்கும் நான் பிடிச்சிக்கலாம்னு நின்னேன். மத்த மூணு நாளு இன்னொரு பள்ளிக்கூடத்துல வேலை. அங்க போனாலும் மனசு இங்கதான் கெடக்கும்."

தமிழ்நிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரவென்று இருந்த பெரிய கை. விடாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் சந்திரிகா வந்து இன்னொரு கையைப் பிடித்தாள்.

"உடுங்கடி, பெருக்கணும்" என்றார் முனியம்மாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஒரு நாள்கூடத் தலை சுற்றவில்லை. சனிக்கிழமை நந்தனம் மைதானத்தில் கதிரேசன் சார் ஆடுபவர்களின் பெயரைப் படித்தார். தமிழ்நிலாவின் பெயர் முதலாவதாக வந்தது. கடைசி நிமிடம் வரை அவள் ஓடினாள். ஒரு புள்ளியில் தோற்றார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழ்நிலாவைப் பிடிக்க எதிரணிப் பெண்கள் ஆறு பேர் மாறி மாறித் துரத்தியதை யாசிர் பஸ்ஸில் நின்றுகொண்டே நடித்துக் காட்டினான். கண்டக்டர் அவனை உட்காரச் சொன்னார்.

அஃப்ராவும் யாசிரும் லஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள். தமிழ்நிலா மந்தைவெளி வரை போய் பெரும்பாக்கம் பஸ் மாற வேண்டும். லஸ் வருவதற்குள் அவள் அஃப்ராவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள். ஒரு கை, பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை மடியில் அணைத்திருந்தது.

சாரும் மற்றவர்களும் லஸ்ஸில் இறங்கினார்கள். "நீங்க வரலையா?" என்று சார் படியிலிருந்து கேட்டார்.

அஃப்ரா வாயைத் திறக்காமல், கண்ணால் தன் தோளைக் காட்டினாள்.

மந்தைவெளியில் தமிழ்நிலாவை எழுப்பி, பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மரத்துப்போன தோளைத் தேய்த்தபடி அஃப்ரா யாசிரோடு வீடு வரை நடந்தே போனாள்.