கஞ்சித்தொட்டியில் கரைந்த படை

12 ஜூலை 2084

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். போர் ஆணைகளை வரிசையாக எழுதி, சரிபார்த்து, ஒவ்வொன்றாக அனுப்பினேன். 'தோணித்துறையை மூடு' என்பதை மட்டும் அனுப்ப மறந்துவிட்டேன்.

தூத்துக்குடி மாலை வகுப்பில் வரலாற்றுப் பாடம் என்றால் இப்போது நாட்டாட்டம்தான். உயிர்மேசையில் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆறு ஒன்று ஓடுகிறது. தென்கரை என் நாடு. வடகரை இர்ஃபானுடையது, என்னுடையதைப் போலப் பத்து மடங்கு. அங்கே நடமாடும் ஒவ்வொருவரும் ஒரு குடிமனம். பசிக்கும், பயப்படும், தானே முடிவெடுக்கும். நாங்கள் ஆணை போடலாம். கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு. தோற்ற நாட்டை அதிலுள்ளவர்களோடு சேர்த்து மேசை அழித்துவிடும். அதனால்தான் ஆணைகளை அவ்வளவு கவனமாகச் சரிபார்த்தேன். என் நாட்டுத் தோணிக்காரி உலகியோடு தினமும் பேசிப் பழகிவிட்டேன்.

"ஏ பூரணி, உன் நாட்டுக்கு மாலை வாங்கி வச்சிட்டியா? சின்னதாப் பாத்து வாங்கு, நாடே சின்னதுதான!" என்றான் இர்ஃபான். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எதையும் மொத்தமாகத் தூக்கித்தான் அவனுக்குப் பழக்கம். படை முழுவதையும் ஒரே மூச்சில் ஆற்றங்கரைக்கு விரட்டியிருந்தான். அரிசி வண்டிகள் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் திறந்துகிடந்த துறை என் கண்ணில் பட்டது. எதிரி வீரர்களைத் தோணி தோணியாக ஏற்றிக்கொண்டிருந்தாள் உலகி.

"உலகி! என்ன செய்யுத நீ? அவங்க எதிரி!"

"துறைய மூடச் சொல்லலையே, ராணியம்மா. பாவம், பசியோட நிக்காங்க. நம்ம கோயில் கொடைக்கு மூட்டுன கஞ்சி அடுப்பு இன்னும் அணையலைல்லா?"

மூடும் ஆணையின் மேல் என் விரல் நின்றது. அனுப்பவில்லை. இரக்கமா, குழப்பமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள். இரண்டாம் முறையும் வாங்கினார்கள். ஈட்டிக் காம்புகளை ஒடித்து அடுப்பில் வைத்தார்கள். பிறகு பெண்டு பிள்ளைகளை அழைத்துவரத் தோணி கேட்டார்கள்.

வகுப்பு முடியும்போது வடகரையில் ஒரு கோழிகூட இல்லை.

"மேசை அழிக்கணும்னாலும் அங்க ஆளே இல்லியே!" என்று செபாஸ்டினா டீச்சர் சிரித்தார். "பூரணி ஜெயிச்சாச்சு."

"இது போரா, பந்தியா டீச்சர்?" என்று கத்தினான் இர்ஃபான்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கஞ்சித்தொட்டி; அதன்முன் மலையடிவாரம் வரை வரிசை. வகுப்பிலேயே பெரிய நாடு இப்போது என்னுடையது. தோற்றவனுக்கு ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு குட்டித் தீவு கொடுத்து, அடுத்த ஆட்டத்தில் என்னோடு மோதச் சொல்லிவிட்டார் டீச்சர். இர்ஃபான் கோட்டை கட்டவில்லை. ஒரு வீரனைக்கூடச் சேர்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி ஒரு பெரிய அடுப்பை மூட்டினான்.

சற்று நேரத்தில் உலகியின் குரல் வந்தது.

"ராணியம்மா, அந்தத் தீவுல மீன் குழம்பாம். வாசம் இங்கன வரைக்கும் தூக்குது. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டா?"

நாளைய வேலை: நம் கஞ்சியில் என்ன குறை என்று உலகியிடம் கேட்பது.