கப்பல் பாயில் ஒரு மாட்டுக் கண்

முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. ஹபீபுர் ரஹ்மான் நகத்தால் கிள்ளிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். பெட்டிக்குள் இருப்பது ஜிக்ஸா என்று தெரிந்துவிட்ட பிறகு அந்த மனிதருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

“கத்தி வச்சு அறுங்க சார்,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தா. “வலைக்காரங்க முடிச்சு அது. எங்க நைனா கட்டினா அறுத்தாத்தான் உண்டு.”

1934ஆம் வருஷம், தியாகராய நகரில் பனகல் பூங்காவை ஒட்டிய ஒரு தெரு. வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் போலீஸில் கைரேகை பார்க்கும் இலாகாவில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கூரை இடிந்து விழுந்தாலும் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஹபீபுர் ரஹ்மான் திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் அச்சுக் கோக்கிறவர், ஞாயிறு தவறாமல் இங்கே ஆஜர். இவரால் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்க முடியாது. எப்படித்தான் சிநேகமானார்களோ!

அப்போது சில வருஷங்களாகவே பட்டணத்தில் பல வீடுகளுக்கு ஜிக்ஸா பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு படத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, கம்பி போன்ற ரம்பத்தால் நெளிநெளியாக இருநூறு துண்டு போட்டுப் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். பெட்டியின் மேல் படம் கிடையாது. என்ன படம் என்பதே சேர்த்து முடித்தால்தான் தெரியும். சோறு ஆறும், பால் பொங்கி வழியும், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மயிலாப்பூரில் இதற்கென்று ஒரு சங்கமே இருந்தது. அந்தச் சங்கத்துக்குத் துண்டு வெட்டிக் கொடுப்பவர் சாந்தோம் தச்சர் வேதநாயகம், ஜெசிந்தாவின் அப்பா.

“நேத்து சங்கத்துல வருஷாந்தரப் போட்டி,” என்று ஆரம்பித்தாள் அவள். “லஸ் பக்கத்துல மாடியில ஒரு ஹால், பெரிய மொட்டைத் தேக்கு மேஜை, மேல துணிகூட கெடையாது. புதுப் பெட்டி, அதுவரைக்கும் யாரும் படத்தைப் பார்த்திருக்கக் கூடாது, அதான் ரூல்ஸு. யாரு நெறைய துண்டு சேக்குறாங்களோ அவங்களுக்கு வெள்ளிக் கிண்ணம். காரியதரிசி வக்கீல் ராஜகோபாலன் சாரு தான் பெட்டியைத் தொறந்தாரு. நூல் நுனியைப் புடிச்சு ஒரு இழுப்பு, அவுந்துடுச்சு. எண்ணினாங்க, இருநூறு சரியா இருந்தது.”

“ஆட்டம் எப்படி?” ஹபீபுர் ரஹ்மான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“இன்னா சொல்றது சார், வக்கீல் சாரு கை மின்னல் மாதிரி ஓடிச்சு. நாமெல்லாம் துண்டு மேல இருக்கிற படத்தைப் பார்த்துத்தானே சேப்போம்? அவரு ஒவ்வொரு துண்டையும் திருப்பி, பின்பக்கம் பார்த்துட்டு வச்சுக்கினே போனாரு. கப்பல் படம். கடேசியில ஒரே ஒரு ஓட்டை, கப்பல் பாயில. மேஜையில ஒரே ஒரு துண்டு. வச்சாரு. கச்சிதமா உக்காந்துச்சு. ஆனா அதுல வரைஞ்சிருந்தது...”

“என்ன?”

“மாட்டுக் கண்ணு சார்! வெள்ளைப் பாய் நடுவுல மாடு முழிச்சுக்கினு கீது!”

ஹபீபுர் ரஹ்மான் பரவசத்தில் தொடையில் ஓங்கி அறைந்துகொண்டார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு துண்டைத் தொலைச்சுட்டு, கண்ட குப்பையில இன்னொண்ணு வெட்டிப் போட்டு ஏமாத்திட்டான்னு வக்கீல் சாரு எல்லாரு முன்னாடியும் கத்தினாரு. பெட்டியைத் தூக்கி நைனா கையில திணிச்சாரு, நைனா மறுபடி நூல் போட்டுக் கட்டி எடுத்துக்கினு வந்தாரு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரு வீட்டுல கூட்டம். நைனாவை நிறுத்திடுவாங்க. நைனா வெட்டுறதை வாங்கி விக்கிற மவுண்ட் ரோடு கடைக்காரருக்கும் எழுதிடுவாங்களாம். நாற்காலி பட்டறை வேலையை விட்டுட்டு இதை நம்பித்தான் சார் உக்காந்துக்கினு கீறாரு. அது போவட்டும். பதில் சொல்லுன்னா வாயே தொறக்கலை. அந்தத் துண்டைப் பார்த்ததுல இருந்து ஊமையாயிட்டாரு. காலையில ரம்பத்தை எடுத்துக்கினு கடலுல போடப் போனாரு. நான்தான் புடுங்கி வச்சுக்கினு வந்தேன்.” அவள் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

பஞ்சாட்சரம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ரஹ்மான், சேர்த்துடுங்க.”

கரும்பு தின்னக் கூலியா! ஹபீபுர் ரஹ்மான் தரையில் சம்மணம் போட்டார். ஓரம் முதலில், பிறகு கடல், பிறகு கயிறுகள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒன்றேகால் மணி நேரத்தில் கப்பல் முழுசாக நின்றது, பாயில் மாட்டுக் கண்ணோடு.

பஞ்சாட்சரம் அந்தத் துண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு பூதக்கண்ணாடியால் படம் முழுவதையும் பார்த்தார்.

“வார்னிஷ் புதுசு போலிருக்கே?”

“குடுக்கிறதுக்கு முன்னாடிதான் பூசினாரு, கடல்காத்துல சீக்கிரம் காயாது சார். போன புதன்கிழமை சங்கத்துக்குன்னு வக்கீல் சாரு கையில குடுக்கிறப்பவே லேசா ஒட்டிக்கினு இருந்துச்சு.”

“படத்து மேலே அங்கங்கே பச்சைப் பஞ்சு ஒட்டியிருக்கு. பின்பக்கம் ஒண்ணுமில்லை. ரஹ்மான், நீங்க பச்சைத் துணி எதையும் விரிக்கலையே?”

“தரையில தானே சாமி சேர்த்தேன்! கண்ணு முன்னாடி தானே?”

“சரி. ஏம்மா, இந்தப் பலகை எப்போ வெட்டினது? அந்தச் சமயத்தில் உங்க வீட்டிலிருந்து வேற பெட்டி ஏதாவது வெளியே போச்சா?”

ஜெசிந்தா யோசித்தாள். “போன மாசம் வெட்டினாரு. அப்பத்தான் மாதா கோயில்ல கைவேலை விற்பனை. எதுனா குடு நைனான்னேன். அலமாரியில இருந்து ஒரு பெட்டி எடுத்துக் குடுத்தாரு. இன்னா படம்னு எனக்குத் தெரியாது. வக்கீல் சாரு சம்சாரம் ரத்னா அம்மா தான் ஆசையா வாங்கிக்கினு போனாங்க.”

பஞ்சாட்சரம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்று சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டார் என்பதை ஹபீபுர் ரஹ்மான் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

*

சாயங்காலம் மயிலாப்பூரில் ராஜகோபாலனின் ஆபீஸ் அறை. சங்கத்தார் ஆறேழு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ரத்னா அம்மாள் எல்லோருக்கும் காபி கொண்டு வந்தாள். வேதநாயகம் மட்டும் கதவோரம் நின்றார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் வக்கீலின் பெரிய மேஜை, மேலே பச்சைக் கம்பளித் துணி விரித்திருந்தது. ஹபீபுர் ரஹ்மான் அந்தத் துணியைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்தின் விலாவில் முழங்கையால் இடித்தார். அறையில் அதைக் கவனிக்காதவர் யாருமில்லை.

“இதில் துப்பறிய என்ன இருக்குங்கறேன்?” என்றார் ராஜகோபாலன். “இவன் ஒரு துண்டைத் தொலைச்சுட்டான். பதிலுக்கு ஒண்ணை வெட்டிச் சொருகிட்டான். அவ்வளவுதானே!”

“முதலில் அதைப் பார்ப்போம்,” என்றார் பஞ்சாட்சரம். ஒரு பலகையில் ஏற்றி, வழியெல்லாம் கலையாமல் ஜட்கா வண்டியில் மடியில் வைத்துக் கொண்டு வந்த கப்பலை மேஜையில் வைத்தார். “பிறகு தனியாக வெட்டிச் சொருகியிருந்தால் எங்கேயாவது மயிரிழை இடைவெளி இருக்கும். அசைத்துப் பாருங்கள்.”

ஒவ்வொருவராக வந்து விரலை வைத்தார்கள். மாட்டுக் கண் அசையவில்லை.

“ஒரே ரம்பம், ஒரே ஓட்டத்தில் வெட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலகையை ஆணியடித்துச் சேர்த்து வெட்டினால் மட்டும்தான் இது நடக்கும். மேலே கப்பல், கீழே மாடு. இரண்டுக்கும் ஒரே வெட்டு. கப்பலின் எந்தத் துண்டும் மாட்டில் உட்காரும். சரிதானா வேதநாயகம்?”

வேதநாயகம் ஒரு முழு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். “சரிதான் ஐயா. ஒரு பலகைக்கு ஒரு வெட்டு, ரெண்டாவது இருக்கக் கூடாதுன்னு வக்கீல் ஐயா சொல்லித்தான் வேலை குடுத்தாரு. ரம்பத்து இழை சும்மாச் சும்மா அறுந்துக்கினே இருந்துச்சு. கோயிலுக்கு ஒண்ணு குடுக்கணும்னு பொண்ணு வேற கேட்டுக்கினே இருந்துச்சு. அடியில ஒரு பழைய காலண்டர் படத்தை வச்சு சேத்து அறுத்துட்டேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் தப்பு முழிச்சுக்கினு கீதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா துண்டு எப்படி மாறிச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“ஒத்துண்டானோல்லியோ!” என்று எழுந்தார் ராஜகோபாலன்.

“உட்காருங்கள். அவர் செய்தது வாக்குத் தவறியது. துண்டை மாற்றியது வேறொருவர்.” பஞ்சாட்சரத்தின் குரல் ஏறவேயில்லை. “இவர் வலைக்காரர் முடிச்சுப் போட்டுப் பெட்டியைக் கொடுத்தார். கத்தி இல்லாமல் அவிழாது, ரஹ்மானின் பல்லைக் கேளுங்கள். ஆனால் போட்டியன்று நீங்கள் நுனியை இழுத்ததும் நூல் அவிழ்ந்தது. அதற்கு முன்பே யாரோ அறுத்து, வேறு நூல் கட்டியிருக்கிறார்கள். காயாத வார்னிஷில் பச்சைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, அதுவும் படத்தின் மேல் மட்டும். பச்சைத் துணியில் யாரோ இதைக் குப்புறப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். போட்டியில் துண்டின் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டவர் ஒருவர்தான்.”

அறையில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ராஜகோபாலன் முகம் சிவந்துபோனார்.

“விதி என்ன?” என்று கத்தினார். “படத்தைப் பார்க்கப்படாதுன்னுதானே விதி! நான் படத்தையே பார்க்கலையே! குப்புறப் போட்டுண்டுதானே பழகினேன்! எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வரேன்!”

சுவரோரம் யாரோ களுக்கென்றார்கள். அடுத்த நிமிஷம் அறையே அதிர்ந்தது. வக்கீல் புத்தி என்பது இதுதான்!

“ஏன்னா!” ரத்னா அம்மாள் காபித் தட்டோடு நின்றுவிட்டாள். “வியாழக்கிழமை நான் அடையாறு போயிருந்தப்பவா? என் பெட்டி இந்த மேஜைமேலதானே திறந்திருந்தது!”

“அதேதான் அம்மா,” என்றார் பஞ்சாட்சரம். “இவர் துண்டு ஒன்று உங்கள் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தீர்கள் வக்கீல் சார்?”

ராஜகோபாலனின் குரல் இப்போது இறங்கிவிட்டது. “விழுந்தது. படம் கண்ணுல பட்டுடுமேன்னு கண்ணை மூடிண்டு துழாவினேன். அந்த வடிவத்துல ஒண்ணு அகப்பட்டது. வச்சேன், உட்கார்ந்தது. சரியானதுன்னு நினைச்சுண்டேன்.”

“அந்தப் பெட்டியில் அதே வடிவத்தில் இரண்டு இருந்தன. நீங்கள் எடுத்தது மாடு. கப்பல் உள்ளேயே தங்கிவிட்டது. ஒன்று போய் ஒன்று வந்ததால் இரண்டு பெட்டியிலும் எண்ணிக்கை இருநூறாகவே நின்றது. அம்மா, உங்கள் பெட்டியைக் கொண்டு வருகிறீர்களா?”

ரத்னா அம்மாள் ஓடினாள். பெட்டியைக் கொண்டு வந்து மேஜையில் கவிழ்த்தாள். பழுப்பும் பச்சையுமாகத் துண்டுகள் சிதறின. மாட்டுக் கொம்பு, வைக்கோல், ஒரு பால் செம்பு. ஜெசிந்தா, ஹபீபுர் ரஹ்மான், சங்கத்தார் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து தேடினார்கள். பெரிய மனிதர்கள் என்று யாரும் மிச்சமில்லை.

“தோ கீது!” என்று வீறிட்டாள் ஜெசிந்தா. அவள் விரல்களுக்கிடையில் வெள்ளைப் பாயின் ஒரு மடிப்பு.

ரத்னா அம்மாள் அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள். “ரெண்டு பலகை, ஒரே வெட்டு! ரெண்டையும் கலந்து கொட்டி, ரெண்டு கட்சியாச் சேர்த்தா எப்படி இருக்கும்! அடுத்த போட்டி இதுதான். வேதநாயகம்தான் வெட்டணும். மவுண்ட் ரோடுக்கு நானே எழுதறேன், நல்லபடியா. யாராவது வேண்டாம்னா இப்பவே சொல்லுங்கோ.” சொல்ல வேண்டியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜகோபாலன் மெல்ல எழுந்தார். கப்பல் பாயிலிருந்து மாட்டுக் கண்ணை நகத்தால் நெம்பி எடுத்தார். ஜெசிந்தாவின் கையிலிருந்த துண்டை வாங்கினார். கடைசித் துண்டு வைக்கும் சுகத்துக்காகச் சொத்தையே எழுதிக் கொடுக்கக்கூடிய மனிதர் அவர். அதை எடுத்துக்கொண்டு கதவோரம் போனார்.

“வேதநாயகம், இத்தனை வருஷத்துல ஒண்ணாவது சேர்த்துப் பார்த்திருக்கேளா?”

“இல்லீங்க. அறுக்கிறதோட சரி. சேர்ந்து முடிஞ்சதை நான் பார்த்ததே இல்லை.”

“நேத்து நான் பேசினது தப்பு.” ராஜகோபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “இங்கே உட்காருங்கோ. நீங்கதான் வைக்கணும்.”

சாந்தோம் தச்சரை அந்த வீட்டில் ‘நீங்க’ என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேதநாயகம் உட்கார்ந்தார். துண்டை வேட்டியில் ஒரு முறை துடைத்தார். பாயின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

‘டக்’ என்றது.

“நைனா,” என்று ஜெசிந்தா மடியிலிருந்த பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தாள். “இந்தா, உன் ரம்பம்.”