டொக்டரம்மாவின் உப்பு

தேயிலைச் செடி வாடினால் உரம் வந்தது. பூச்சி அரித்தால் மருந்து வந்தது. அந்தச் செடியில் கொழுந்து பறித்த பெண்களின் கழுத்து வீங்கியபோதோ, ஹந்தானை மலைக்கு எதுவும் வரவில்லை.

பிறகுதான் டொக்டர் கமலாசனி வந்தார். நீரிழிவு ஏன் வருகிறது, கழுத்தில் கழலை ஏன் வருகிறது, உடலின் சுரப்பிகள் ஏன் கெடுகின்றன என்று ஆராய்வதிலேயே தலை நரைத்தவர் அவர். உணவில் அயடீன் என்ற சத்து இல்லாததால் கழலை வருகிறது என்று சொன்னார். அந்தச் சத்தைக் கலந்த கல்லுப்பை வீடு வீடாகக் கொடுத்தார். அது உடம்பில் சேர்ந்ததா என்று பார்க்க, பள்ளிப் பிள்ளைகள் சிறிய போத்தல்களில் சிறுநீர் கொண்டுவர வேண்டும்.

“ஒன்னோட போத்தல்ல தேயிலச் சாயத்தண்ணியாடா ஊத்தியிருக்க?” என்று அழகரைக் கேட்டான் தனபாலன்.

“குடிச்சுப் பாத்துச் சொல்லு” என்றான் அழகர்.

வகுப்பே சிரித்தது. யசோதா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா புஷ்பத்தின் கழுத்தில் மாங்காய் அளவு கட்டி இருந்தது. ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் அம்மா கண்ணீரோடுதான் விழுங்குவாள். டொக்டரம்மாவின் உப்பு அந்தக் கட்டியைக் கரைத்துவிடும் என்று யசோதா நம்பியிருந்தாள்.

மாதங்கள் கழிந்தன. ஒருநாள் டொக்டர் வகுப்பறைக் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“போத்தல் ஒண்டிலையும் அயடீன் ஏறேல்லை, பரமநாதன்” என்றார் தம் உதவியாளரிடம். “கொழும்பிலை இருந்து வேலையை நிப்பாட்டச் சொல்லிப் போட்டினம். நாளையோடை உப்பும் இல்லை. என்ரை ஆயுள் முழுக்க வீண்.”

“சனம் உப்பை வித்துப்போட்டுதுகள் போலை, டொக்டர்.”

வாசலில் நின்ற யசோதா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். “நாங்க விக்கலைங்க. தெனமும் நான்தான் உப்ப எடுத்து அம்மாக்கிட்ட குடுக்கிறேன்.”

டொக்டர் அவளைப் பார்த்தார். “அப்ப அது எங்கை போச்சுது, பிள்ளை?”

யசோதா அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தாள். உழைப்பவர்களைக் கள்ளர் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இல்லை என்று காட்ட என்ன செய்வது?

மாலையில் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “டொக்டரம்மா குடுத்த உப்புடி. மண்ணு இல்லாம ரெண்டு தண்ணியில கழுவிக் கொண்டா.”

யசோதா உப்பைக் கழுவி, கலங்கிய நீரை வாசலோரக் கழிவுநீர்க் கானில் ஊற்றினாள். பாதியில் அவள் கை நின்றது. வீட்டில் உப்பு இருக்கிறது. உடம்பில் சத்து இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்தக் கான்தான்.

மறுநாள் காலையில், ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த டொக்டரிடம் இரண்டு காகிதப் பொட்டலங்களை நீட்டினாள். “இது கழுவாத உப்பு, இது கழுவுன உப்பு. ரெண்டுலயும் சத்து இருக்கான்னு பாருங்க.”

டொக்டர், அயடீன் இருந்தால் நீலமாக்கிக் காட்டும் மருந்துக் குப்பியை எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். கழுவாத உப்பு நீலமானது. கழுவிய உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

“எல்லாரும் கழுவிறவையோ?”

“எல்லாருந்தாங்க. நீங்க குடுத்ததுங்கிறதால இன்னும் நல்லாக் கழுவுனோம்.”

டொக்டர் ஜீப்பின் பக்கம் திரும்பினார். “பெட்டியளை இறக்குங்கோ, பரமநாதன்” என்றார். “கொழும்புக்கு நானே போய்ச் சொல்லுறன்.”

“இனிமே கழுவாமப் போட்டா அம்மாவோட கட்டி கரைஞ்சிருமாங்க?”

டொக்டர் மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்தார். “இல்லை, பிள்ளை. அவ்வளவு பெருத்த கட்டி உப்பாலை கரையாது. ஆனா உமக்கு வராமல் காக்கலாம்.”

யசோதா அழுதுகொண்டே வீடு வந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தேயிலைக் கறை படிந்த விரல்களால் மகளின் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள். கழுத்து வழவழப்பாக இருந்தது.

“என்னோடது இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். பிறகு ஒரு பிடி உப்பைக் கழுவாமல் குழம்பில் போட்டாள்.

“மண்ணு கடிக்குமேம்மா.”

“கடிக்கட்டும்.”

அன்றைய குழம்பில் மண் நறநறவென்று கடித்தது. இருவரும் ஒரு வாய்கூடத் துப்பவில்லை.