லாக்லனின் பெயரில் எழுந்த அறை

ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய பழைய கம்பளிக் கிடங்குதான் இப்போது கடல் ஆய்வு மையம். மழை விட்ட காலையில், ஸ்காலப் சிப்பி அடைத்த சூடான பேஸ்ட்ரியோடு ரொவீனா மாடியேறினாள். அவள் மாதக்கணக்கில் பாடுபட்டு அமைத்த பொதுச் சர்வர் அன்றுதான் திறக்கிறது. ஆய்வாளர் யார் தன் கணக்கோடு நுழைந்தாலும் அவருக்கென்று சர்வருக்குள்ளேயே ஒரு கண்டெய்னர், தனி அறை போலத் தானே எழும்பும். வேலை முடிந்து வெளியேறினால் தானே கலைந்துவிடும்.

திரையில் உள்ளே வந்தவர்களின் பெயருக்கு அருகே ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு எரிந்தது. ரொவீனா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு பெயர். லாக்லன்.

கையிலிருந்த பேஸ்ட்ரியைக் கீழே வைத்தாள்.

லாக்லன் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தவன். போன குளிர்காலத்தில் ப்ரூனி தீவுக்கு அப்பால் படகிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவேயில்லை. அதே படகில் இருந்த ப்ரூ, "அவன் வேலைய நான் முடிக்கிறேன். அவன் ஃபைல மட்டும் அழிச்சிடாத ரோ" என்று கெஞ்சியிருந்தாள். ரொவீனாவும் வாக்குக் கொடுத்தாள். ஆனால் புதிய சர்வரில் இடம் போதவில்லை. கூடுதல் இடம் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கட்ட அலுப்புப்பட்டு, செத்தவனுக்கு எதற்கு என்று அந்தப் பதிவுகளை அழித்துவிட்டாள். சர்வர் மாற்றும்போது கெட்டுப்போனதாகப் ப்ரூவிடம் பொய் சொன்னாள். ப்ரூ அழவில்லை. "சரி" என்றாள், அவ்வளவுதான்.

லாக்லனின் கணக்கையும் அவள் அப்போதே நீக்கியிருந்தாள்.

அவன் அறையை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது.

மீண்டும் எரிந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்தாள். யாரோ ஒவ்வொரு திமிங்கிலப் பதிவாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரே பதிலைச் சொன்னது. இல்லை. இல்லை. இல்லை.

சாத்திய ஜன்னலையும் மீறி அழுகிய கடற்பாசியின் வாடை வந்தது. அணைத்து வைத்திருந்த ஸ்பீக்கரில், தண்ணீரை விழுங்கிக்கொண்டே மூச்சு வாங்கும் ஓசை.

"என்ன ரோ, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?"

வாசலில் ப்ரூ. திரையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு செத்தது.

"கெட்டுப்போகல ப்ரூ," ரொவீனா முனகினாள். "நான்தான் அழிச்சேன். தெரிஞ்சேதான் அழிச்சேன்."

ப்ரூ தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"அவன் கைய நான் பிடிச்சிருந்தேன், தெரியுமா? வழுக்கிடுச்சு. மிச்சமிருந்தது அது ஒண்ணுதான்." குரல் உடைந்தது. "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? தேடுறவன்கிட்டச் சொல்லு."

ரொவீனா திரையருகே குனிந்தாள்.

"லாக்லன்... இனிமே தேடாத. அது எங்கயும் இல்ல. நான்தான் அழிச்சேன். மன்னிச்சிடுப்பா."

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது.

பச்சை விளக்கு அணைந்தது. வாடையும் போயிற்று. ப்ரூ திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். ரொவீனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது.

கையை எடுத்தாள்.

பட்டியலில் இப்போது அவள் பெயர் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஆய்வாளராக உள்ளே நுழையவேயில்லை.

நிறுத்தப் பார்த்தாள். உனக்கு அனுமதி இல்லை என்றது சர்வர்.

அந்த அறையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி.

'வா ரோ. சேர்ந்து தேடலாம்.'