இடுக்கு

காலையில் ஏறி வந்தபோது இரண்டு கைகளையும் நன்றாக விரித்தால்தான் இருபக்கப் பாறையும் எட்டியது. இப்போது இறங்கும்போது லத்தீபின் தோள்கள் இரண்டும் ஒரே நேரத்தில் உரசின.

வழி தவறிவிட்டதோ என்று நின்று பார்த்தார். அதே வழிதான். ஏறும்போது அவர் முகம் கழுவிய ஊற்று, அதே பாசியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

போன வருஷம், 1958 மாசியில், தோல் பதனிடக் கடுக்காய் வாங்குவதற்காக வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்கு வந்த தம்பி ஹனீஃபா வீடு திரும்பவில்லை. பட்டணத்துக்கு ஓடிவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். ஒரு வருஷமாக லத்தீப் ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, சுவரைப் பார்த்தபடி தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

தம்பியைத் தேடி இன்று மலையேறியவரிடம், மேலே கடுக்காய் பொறுக்கி விற்கும் வேடியப்பன், ஹனீஃபா இந்த வழியாக இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"அந்தச் சந்துலயா?" என்று கேட்டார் லத்தீப்.

"சந்து இல்லீங்க பாய். சந்துன்னா ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும். இது இடுக்கு." வேடியப்பன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். "ஆளை இடுக்கிக்கும். அதான் அந்தப் பேரு."

சுற்றுப்பாதை வழியாகத் தானே கூட வந்து கீழே கொண்டுவிடுவதாகவும் சொன்னார். தம்பி கடைசியாக நடந்த வழியை விட்டு வேறு வழியில் இறங்க லத்தீபுக்கு மனம் வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேலே வானம் வேட்டிக் கரை அகலத்துக்குச் சுருங்கி, அதன் வெளிச்சம் பாறையில் பாதிகூட இறங்காமல் மங்கிப்போக, ஈர மண்ணின் வாடையோடு வேறொரு வாடையும், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் வருகிற வியர்வை வாடை, கீழிருந்து மெல்ல ஏறி வந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. அவர் செருப்புச் சத்தம்கூட எங்கோ தள்ளி யாரோ நடப்பதுபோல் கேட்டது.

பக்கவாட்டில் திரும்பித்தான் நகர முடிந்தது. மார்பில் பாறை. முதுகில் பாறை. கல் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். இரவெல்லாம் பக்கத்துப் பாயிலிருந்து கேட்டுப் பழகிய இருமல். மேலிருந்து வரவில்லை. கீழிருந்தும் இல்லை. காதை ஒட்டி, கல்லுக்குள்ளிருந்து.

"ஹனீஃபா?"

இருமல் நின்றது.

"அண்ணே." அவன் குரலேதான். "தனியாவா வந்தீங்க?"

ஓடு என்றது உடம்பு. ஆனால் ஒரு வருஷமாக யாரும் அவரை அண்ணே என்று அழைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"ஆமாம்பா."

"எடம் இருக்குண்ணே. வாங்க."

வந்த பக்கம் தலையைத் திருப்பினார். வழி இல்லை. முன்னால் பார்த்தார். தாள் நுழையும் அளவுக்கு ஒரு கோடு மட்டும். மூச்சை விட்டார். திரும்ப இழுக்க முடியவில்லை.

கன்னத்தில் ஏதோ ஈரமாகத் தொட்டது. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார்.

பாறை வெடிப்புகளில், மேலிருந்து கீழ்வரை, மழைக்கு முளைத்த காளான்களைப் போல விரல் நுனிகள். ஒன்றன்பின் ஒன்றாக அவர் பக்கம் வளைந்து, சட்டையைப் பற்றத் தொடங்கின. மெதுவாக. பிரியமாக.