செல்வி பூட்டிய சொல்

பள்ளிக்கூடக் கணினியில் ‘விஷம்’ என்ற சொல்லைப் பூட்டச் சொன்னதே தங்கச்செல்விதான்.

இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் ஏதோ பாம்பு வீடியோவைப் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடினான். ஏழாம் வகுப்புச் செல்விதான் கணினி அறைக்குப் பொறுப்பு. பொறுப்பு கிடைத்தால் சும்மா இருப்பாளா? “விஷம், ரத்தம், சாவு, இதெல்லாம் வரவே கூடாது சார்” என்று ஜெயக்குமார் சாரிடம் போய் நின்றாள். சாரும் அவற்றை வடிகட்டியில் சேர்த்தார்.

வடிகட்டி என்பது கணினிக்குள் இருக்கும் காவல்காரன். பூட்டிய சொல்லைத் தேடினாலும், அந்தச் சொல் உள்ள பக்கத்தைத் திறந்தாலும், திரை சிவந்து ‘அனுமதி இல்லை’ என்று வரும். செல்விக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை வியாழக்கிழமை மத்தியானம் வரைதான் நிலைத்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன மணிகண்டன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“ஏ செல்வி! எங்க கருப்பி வாடுன சோளப்பயிரத் தின்னுருச்சு. வயிறு உப்பி, நுரை தள்ளிக் கெடக்கு. அம்மா பந்தல்குடிக்குப் போயிட்டாக. ஆட்டு டாக்டர் நம்பர் பாத்துக் குடு!”

கருப்பி சினை ஆடு. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம் ஆட்டைக் கொன்றுவிடும் என்று பரளச்சி ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். செல்வி கணினிக்கு ஓடினாள். சாரும் திருச்சுழியில் கூட்டத்தில் இருந்தார்.

‘ஆடு சோளம் விஷம் டாக்டர்’ என்று அடித்தாள். திரை சிவந்தது. ‘அனுமதி இல்லை.’

“என்ன இது?”

“நான்தான்டா அந்த வார்த்தையப் பூட்டச் சொன்னேன்” என்றாள் செல்வி.

மணி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

விஷத்தை எடுத்துவிட்டு, ‘கால்நடை மருத்துவர் பரளச்சி’ என்று அடித்தாள். பட்டியல் வந்தது! முதல் பக்கத்தைத் தட்டினாள். மறுபடியும் சிவப்பு. விஷக்கடிக்கு வைத்தியம் உண்டு என்று அதில் எழுதியிருந்தால் காவல்காரன் விடுவானா? அவனுக்குச் சொல் தெரியும். காரணம் தெரியாது.

“ஆடு செத்துரும் செல்வி. நான் போறேன்.”

“நில்லுலே!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலுக்கே திரும்பினாள். வரிவரியாகப் படித்தாள். பக்கத்துக்குள் போகத்தானே தடை? வெளியே, ஒரு தலைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் போன் எண் இருந்தது!

சத்துணவு சமைக்கும் ராக்கம்மாள் அக்காவின் பட்டன் போனை வாங்கி அழைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். இந்தத் தடவை எடுத்ததும், ஆடு சோளம் தின்றதைச் சொன்னாள்.

“பக்கத்தூர்லதான் இருக்கேன், இந்தா வாரேன்” என்றார் டாக்டர். “ஆட்ட நெழல்ல போடுங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க.”

மணி பறந்தான். அதற்கப்புறம் செல்விக்குப் பாடம் ஓடவில்லை. கணக்கு டீச்சர் விடை கேட்டபோது “ஆடு” என்றாள். வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் மணியின் குரல் கேட்டது. “ஊசி போட்டாக! எந்திரிச்சு நின்னுருச்சு!”

அப்போதுதான் செல்வி ஓவென்று அழுதாள்.

நடந்ததைக் கேள்விப்பட்டு, மறுநாள் சார் கேட்டார். “எல்லா வார்த்தையையும் எடுத்துரவா?”

“எடுத்துருங்க சார்” என்றான் மணி.

“எடுத்தா பொடிசுக பயப்படும். எடுக்காட்டி அவசரத்துக்கு ஒதவாது” என்றாள் செல்வி.

சார் சிரித்தார். “பெரிய பெரிய ஆளுகளே இதுக்கு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காகம்மா.”

செல்வி யோசித்தாள். “பூட்டு இருக்கட்டும் சார். அவசரம்னா தொறக்க எனக்குச் சொல்லிக் குடுங்க. அந்தச் செவப்புப் பக்கத்துல எழுதியிருக்கிறத மட்டும் மாத்துவோம்.”

‘அனுமதி இல்லை’ போனது. ‘எதற்காகத் தேடுகிறாய்? செல்வி அக்காவிடம் சொல். சேர்ந்து பார்க்கலாம்’ என்று வந்தது.

அன்று மத்தியானமே மூன்றாம் வகுப்புப் பிருந்தா பாவாடையைத் திருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, பல்லு விழுந்து ரத்தமா வந்துச்சு. நான் செத்துருவேனான்னு தேடுனேன். செவப்பு வந்துருச்சு.”

செல்வி கணினியைத் தொடவே இல்லை. பிருந்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, “எங்க, வாயத் தொற” என்றாள். விழுந்த பல்லின் இடத்தில் புதுப்பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.